நாடோடி நரம்பு

வாலிபப் பருவத்தில் வயிறு என்று ஒன்று இருப்பதே மனிதனுக்குத் தெரிவதில்லை. பசி என்று ஒன்று இருப்பது தெரியும். அதற்கு மேல் விசாரணை கிடையாது. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஹோட்டலுக்குப் போய் ரவா தோசையும் தின்று, இராத்திரி "ரசம் சாதம் இருக்கிறதா?" என்று கேட்கிறவனிடம் வயிறு வாயைத் திறப்பதில்லை. நாற்பத்தைந்து வயது தாண்டியதும் அது பேசத் தொடங்குகிறது. ஐம்பதுக்கு மேல், வீட்டில் மற்ற யார் பேசுவதும் காதில் விழாதபடி பேசுகிறது.

என்னுடைய வயிறு ஐம்பத்திரண்டாவது வயதில் பேசிற்று. சாப்பிட்டு எழுந்த அரை மணிக்கெல்லாம் மேல்வயிறு கல்லை வைத்தாற்போல் கனக்கும், நெஞ்சு எரியும், புளிச்சேப்பம் வரிசையாக வரும். எங்கள் வீட்டில் நெஞ்செரிச்சலைப் பற்றி யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் தமது ஐம்பத்தாறாவது வயதில் ஓர் இரவு "வாயுத் தொந்தரவு" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. அது வாயு அன்று, மாரடைப்பு. ஆகவே, நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எழுபத்தொன்பது வயதான என் தாயாரின் முகம் எப்படி மாறும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் இருதய வைத்தியரிடம் போனேன். பரீட்சைகள் எல்லாம் செய்து, இருதயத்தில் பழுதில்லை என்றார். பிறகு இரைப்பை வைத்தியரிடம் போனேன். அவர் குழாயை விட்டுப் பார்த்தார். புண் இல்லை, கட்டி இல்லை. "ஸார், உங்கள் இரைப்பை நல்ல உத்தியோகஸ்தன்தான். மேலிடத்து உத்தரவுகள்தாம் தாறுமாறாக வருகின்றன" என்றார். மேலிடம் எது என்று கேட்டேன். தலையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது நியாயந்தான். ஒரு பக்கம் தாயாரின் மருந்துச் சீட்டு; மறுபக்கம் பெண்ணின் காலேஜ் சம்பளம்; நடுவில் வீட்டுக் கடனும் ஆபீஸும். நடு வயது என்பது இவ்வளவையும் இலையில் பரிமாறிக்கொண்டு சாப்பிட உட்காருவதுதான். அவற்றை ஜீரணிப்பதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை. சில வாரங்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வைத்தியர் "மூச்சு விடக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்து வருவதாக நான் எண்ணியிருந்தேன்!

இங்கே நம் கதாநாயகரை அறிமுகப்படுத்த வேண்டும். தலைக்குள்ளிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. கண்ணுக்கு, மூக்குக்கு, நாக்குக்கு, முகத்துக்கு என்று பெரும்பாலானவை அக்கம்பக்கத்திலேயே குடித்தனம் செய்கின்றன. பத்தாவது ஜோடி மட்டும் ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுகிறது. கழுத்தில் பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இறங்கி, குரல்வளையை விசாரித்து, நுரையீரலையும் இருதயத்தையும் தொட்டு, உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு, இரைப்பை, ஈரல், சிறுகுடல், பெருங்குடலின் பெரும்பகுதி வரையில் சென்று சேருகிறது. அதற்கு 'வேகஸ்' என்று பெயர். லத்தீன் பாஷையில் அலைந்து திரிவது என்று அர்த்தம். நாம் நாடோடி நரம்பு என்று சொல்லலாம்.

இந்த நாடோடி கொண்டுபோகும் தபாலில் ஒரு வினோதம் உண்டு. அதன் இழைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளையிலிருந்து உத்தரவு இறங்குவது மிச்சத்தில்தான். அதாவது வயிறு மூளைக்கு ஓயாமல் கடிதம் எழுதுகிறது. பதில் எப்போதாவது வருகிறது.

மனக் கலக்கம் இரைப்பையைக் கெடுக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். கண்ணால் பார்த்து எழுதியவர் பியூமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர். 1822-ல் அலெக்ஸிஸ் ஸெயிண்ட் மார்ட்டின் என்பவனுக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் விழுந்த துவாரம் மூடாமலே நின்றுவிட்டது. அந்த ஜன்னல் வழியாகப் பல வருஷம் எட்டிப் பார்த்து, 1833-ல் பியூமாண்ட் புத்தகம் வெளியிட்டார். அவன் கோபமாக இருந்தபோது ஜீரணம் கெடுவதை அவர் குறித்திருக்கிறார். இம்மாதிரி ஆராய்ச்சிக்கு ஆளானவன் கோபப்படாமல் என்ன செய்வான் என்பது வேறு விஷயம்.

வேகஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை 1921-ல் ஆஸ்திரியா தேசத்துக் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி கண்டுபிடித்தார். இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸைத் தூண்டினார், துடிப்புத் தளர்ந்தது. அந்த இருதயத்திலிருந்த திரவத்தை மற்றொன்றில் விட்டார், அதுவும் தளர்ந்தது. நரம்பு ஒரு ரசத்தைச் சுரந்து பேசுகிறது என்பது ருஜுவாயிற்று. இதற்காக 1936-ல் ஸர் ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோதனை செய்யும் முறை அவருக்குச் சொப்பனத்தில் தோன்றியதாம். முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் எழுதி வைத்தது காலையில் தமக்கே புரியாமல், மறுநாள் இரவும் அதே சொப்பனம் வந்ததாம்.

நிற்க. இதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? நேயர்கள் தங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்துப் பார்க்கலாம். நாடி சற்று விரையும். மெதுவாக விட்டால் தணியும். இருதயத்தின் இயற்கை வேகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100. வேகஸ்தான் கடிவாளம் பிடித்து எழுபதுக்குக் கொண்டுவருகிறது. மூச்சு உள்ளே போகும்போது கடிவாளம் தளர்கிறது. வெளியே வரும்போது இறுகுகிறது. வயது ஏற ஏற இந்த ஏற்றத்தாழ்வு குறைந்துவிடும்.

நாம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை சுவாசிக்கிறோம். அதை ஏறக்குறைய ஆறாகக் குறைத்தால் ஒரு விந்தை நிகழ்கிறது. இரத்த அழுத்தம் ஏறினால் இருதயத்தைத் தணிக்கவும், இறங்கினால் முடுக்கவும் உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்றிவரச் சுமார் பத்து விநாடி ஆகும். மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றாக அமைந்தால், ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளியதுபோல் இரண்டும் சேர்ந்து வீசுகின்றன. சிலருக்கு நாலரை, சிலருக்கு ஆறரை என்று கொஞ்சம் மாறும். தமக்குரிய கணக்கைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் 'பயோபீட்பேக்' என்னும் முறை. விரலில் ஓர் இடுக்கியை மாட்டிக்கொண்டால், துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளியைக் கைப்பேசித் திரையில் கோடாக வரைந்து காட்டும். மூச்சு ஒழுங்கானால் கோணல்மாணல் கோடு அலை அலையாகிறது.

என் கோடு முதல் வாரம் முழுவதும் திருகுகள்ளி மாதிரி இருந்தது. "என்ன, இன்னும் மூச்சை எண்ணி ஆகவில்லையா? குழம்பு ஆறுகிறது" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்கும்போதெல்லாம் புதிய முள் ஒன்று கிளம்பும். மூன்றாம் வாரத்தில் அலை பிறந்தது. அந்தப் பெருமையில், ஊஞ்சலில் உட்கார்ந்து ராமநாமம் ஜபித்துக்கொண்டிருந்த தாயாரின் விரலில் இடுக்கியை மாட்டினேன்.

"என்னடா அப்பா இது? எனக்கும் வியாதியா?" என்றார்.

"ஒன்றும் இல்லை அம்மா, நீ பாட்டுக்கு ஜபி."

வயதுக்கு ஏற்றபடி அலை சிறியதுதான். ஆனால் கோலப் புள்ளி வைத்தாற்போல் அவ்வளவு ஒழுங்கு! கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. கணவனை ஓர் இரவில் பறிகொடுத்த பிறகு அந்த அம்மாள் இத்தனை வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கிற்று.

இது எங்கள் வீட்டு அதிசயம் மட்டும் அல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டியும் அவரது கூட்டத்தாரும் 2001-ல் 23 பேரை ஆராய்ந்தார்கள். லத்தீனில் மேரி மாதாவின் ஜபமாலைப் பிரார்த்தனையைச் சொன்னாலும், 'ஓம் மணி பத்மே' மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகவே அமைந்ததைக் கண்டார்கள். நம் நாட்டில் சுவாமி குவலயானந்தர் 1924-லேயே லோணாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை எக்ஸ்-ரே முதலிய கருவிகளால் பரீட்சித்தார். "எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்" என்று மார்தட்டுவதைக் காட்டிலும், அளந்து பார்ப்போம் என்று அவர் முனைந்தாரே, அதுவே நமக்குப் பெருமை.

அளந்து பார்த்தால் வயிற்றுக்கு என்ன கிடைக்கிறது? அதே கிராட்ஸ் நகரில் 2012-ல் வெளியான ஒரு சிறிய ஆராய்ச்சியில், எதிர்க்களிப்பு நோயாளிகள் 19 பேரில் ஒரு பகுதியார் நான்கு வாரம் வயிற்றால் மூச்சு விடப் பழகினார்கள். அவர்களுடைய உணவுக் குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. உதரவிதானம் இரைப்பையின் வாசலுக்கு அணைகயிறு போல் இருப்பதால், அது வலுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும் என்பது காரணம். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கருவி காட்டுவது வேகஸின் இருதயக் கிளையைத்தான். குடல் கிளை என்ன செய்கிறது என்பது அந்தத் திரையில் தெரியாது. மனக் கலக்கத்துக்கு இந்தப் பயிற்சி உதவும் என்பதற்குள்ள சாட்சியம், குடலுக்கு இன்னும் அவ்வளவு இல்லை.

பழக விரும்புகிறவர்களுக்குக் கருவி அவசியம் என்பதில்லை, கடிகாரம் போதும். நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு மெல்ல எழும்பும்படி நாலு விநாடி இழுத்து, ஆறு விநாடி விட வேண்டும். ஆழமாக இழுத்துத் தள்ளினால் தலை சுற்றும். மெதுவாக என்பதுதான் மந்திரம். தினம் இரு வேளை, பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து இருபதுக்குப் போகலாம். உடம்பு இளைத்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், மலத்தில் இரத்தமோ கறுப்போ கண்டாலும் மூச்சை எண்ணிக்கொண்டிராமல் வைத்தியரிடம் போக வேண்டும். நெஞ்சில் பாரமும் வியர்வையும் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வாயுதான்" என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் ஓர் உயிரை விலையாக வாங்கியிருக்கிறது.

ஏழு மாதம் ஆகிறது. கடன் தீரவில்லை, காலேஜ் சம்பளம் குறையவில்லை. மாதத்தில் ஓரிரு நாள் வயிறு பழைய பல்லவியைப் பாடத்தான் செய்கிறது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தாயாரும் நானும் ஊஞ்சலில் பத்து நிமிஷம் சும்மா உட்காருகிறோம். பிறகு எல்லோருமாகச் சாப்பிடுகிறோம். நான் ஏப்பம் விட்டால் இப்போது யாரும் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பதில்லை.