பிங்கா ஓயாவும் ஒரு பந்தும்

மலைநாட்டு முஸ்லிம்களாகிய நாம் தண்ணீரை இரண்டு விதமாகத்தான் அறிந்திருக்கிறோம். ஒன்று, பள்ளிவாசல் ஹவ்ழில் இருக்கும் தண்ணீர். மற்றது, கடைக்குள் வரும் தண்ணீர். மேலே மலையில் இரண்டு மணித்தியாலம் விடாது மழை பெய்தால் பிங்கா ஓயா அக்குறணை நகருக்குள் ஏறிவிடும். கண்டி – மாத்தளை வீதியில் வாகனங்கள் நின்றுவிடும். கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுகளுக்கு ஏற்றுவார்கள். ஓயாவின் இரு கரைகளையும் நெருக்கிக் கட்டிடம் கட்டியவர்களும் நாம்தான் என்பது தனியாக எழுத வேண்டிய விடயம். நான் சொல்ல வருவது வேறு. இத்தனை தரம் தண்ணீர் வந்துபோகும் ஊரில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இந்த நிலையில்தான் பதினான்கு வயதான என் மகன், கண்டி நகரிலுள்ள இளைஞர் வோட்டர் போலோ கழகமொன்றில் சேரப் போவதாகச் சொன்னான். அவனது வகுப்புத் தோழனான ஒரு சிங்களப் பிள்ளை ஏற்கெனவே அங்கு பயிற்சி எடுத்துக் கொண்டிருந்தான்.

"எனத்துக்குப் புள்ள தண்ணிக்குள்ள போய் பந்து வெளாட்டு? தரையில எடமில்லையா?" என்று கேட்டார் அவனது உம்மா.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். அதன் பின்னால் ஒரு மையித்து இருக்கிறது. என் மனைவியின் நானா பதினேழு வயதில், நண்பர்களோடு மகாவலியில் குளிக்கப் போன இடத்தில் மௌத்தானவர். நான்கு பேர் போனார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஆறு என்றால் வாயால் சொல்லவும் மாட்டார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை பஸ் கடக்கும்போது என் மாமி இன்றும் மறுபக்கம் திரும்பிக் கொள்வார்.

வோட்டர் போலோ என்றால் என்னவென்று வாசகர்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். பக்கத்துக்கு ஏழு பேர். அதில் ஒருவர் கோல் காப்பாளர். எட்டு எட்டு நிமிடமாக நான்கு கால்பகுதிகள். பந்தை ஒரு கையால்தான் பிடிக்கலாம், எறியலாம். கோல் காப்பாளருக்கு மட்டும் இரண்டு கையும் அனுமதி. தடாகத்தின் தரையில் கால் ஊன்றி விளையாட முடியாது. அதாவது முழு ஆட்டமும் மிதந்துகொண்டே ஆடப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் உருவாகி, 1900ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பிடித்து விட்டது. பெண்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்க 2000ஆம் ஆண்டு சிட்னி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியரின் ஆட்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இதற்கான தங்கப் பதக்கத்தை வென்றது இந்தியா.

நமது நாட்டில் இது பெரிய பாடசாலைகளின் ஆட்டமாகவே வளர்ந்தது. கொழும்பில் றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் மோதிக்கொள்ளும். கண்டியில் திரித்துவக் கல்லூரி இருக்கிறது. தடாகம் உள்ள இடத்தில்தானே ஆட்டம் வளரும்? இருபது வருடங்களாக நான் படிப்பித்த கிராமப் பாடசாலைகள் எதிலும் தடாகம் இருந்ததில்லை. சிலவற்றில் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய காரியம்.

நான் மிதக்கக் கற்றுக்கொண்டது அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்தில்தான். பாடத்திட்டத்தில் அது இருக்கவில்லை. கிழக்கு மாகாண நண்பர்கள் மாலை நேரங்களில் களியோடை ஆற்றுக்குக் கூட்டிப்போவார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் பாய்வதை, கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளான நாங்கள் கரையில் குந்தியிருந்து பார்ப்போம். "மலைக்காரனுக்குத் தண்ணி ஆகாதுகா" என்று சிரிப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் என் முதுகின் கீழே உள்ளங்கையை வைத்து, "ஒடம்ப விட்டுடுங்க சேர், தண்ணி புடிச்சிக்கும்" என்று சொல்லித் தந்தவர். 2004 டிசம்பரில் அந்தக் கரையோரத்தைக் கடல் எடுத்தது. நீந்தத் தெரிந்தவர்களும் அதில் போனார்கள். நீச்சல் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது கண்டி மாவட்டம். அவர்களில் பெரும்பாலோர் மண்சரிவில் புதைந்தவர்கள். அதற்கு நீச்சல் என்ன செய்யும்?

ஆனால் மகாவலியில் போன அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது செய்திருக்கும். இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வார்த்தையா அது? இரண்டு கிழமை கழிந்து அவரே, "அங்க கோச் பாத்துக்கிட்டு ஈப்பாரா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை மூவருமாகப் போனோம்.

பயிற்சியாளர் நடுத்தர வயதுச் சிங்களவர். முதல் மாதம் பந்தைக் கண்ணிலும் காட்டவில்லை. கால்கள் மட்டும்தான். முட்டையைக் கலக்குகிற மாதிரி இரு கால்களையும் மாறி மாறிச் சுழற்ற வேண்டும். அப்படிச் சுழற்றினால் மார்பு வரை உடம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். அந்தக் கைகளால் பந்தை எறியலாம். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டும் மிதக்கலாம். பிள்ளைகளைக் கைகளை உயர்த்தச் சொல்லி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் பார்ப்பார். அதோடு இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தார். ஆற்றில் ஒருவர் தாழ்வதைக் கண்டால் முதலில் பாயாதே. கயிறு, தடி, வெற்றுப் போத்தல் எதையாவது எறி. தாழ்பவர் பிடித்தால் உன்னையும் இழுப்பார். மனைவிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நால்வரில் இன்னொரு பிள்ளை, இவரது நானாவைப் பிடிக்கப் போய்த்தான் அரைவாசி உயிரோடு திரும்பியவர்.

பிறகு வந்தது உடுப்புப் பிரச்சினை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த சட்டம். இந்த ஆட்டத்தின் காற்சட்டையோ மிகச் சிறியது. தண்ணீருக்கடியில் எதிராளி உடுப்பைப் பிடித்து இழுப்பது சாதாரணம் என்பதால் தொளதொளப்பாகவும் உடுக்க முடியாது. முழங்காலை மூடும் இறுக்கமான நீச்சல் காற்சட்டையோடு பயிற்சிக்கு வரலாம் என்று பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார். போட்டிக்கு என்ன செய்வது என்பது இன்னும் பேச்சளவில் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு இறங்குகிறான். மஃரிபுக்கு மீரா மக்காம் பள்ளிக்கு ஓடுகிறான். இஷாவுக்கு முன் வீட்டுக்கு வந்து, சோற்றைக் கண்டால் பசித்த மாடு மாதிரி.

ஊரில் கதை வராமலில்லை. "மாஸ்டர்ட மவன் அரைக் காற்சட்டையோட பந்தடிக்கிறானாம்" என்று ஒருவர். ஓ/எல் பரீட்சைக்கு இது எத்தனை புள்ளி தரும் என்று இன்னொருவர். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்படி உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக ஒரு கூற்றை நமது பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டு, தலையாட்டி, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். எங்கே பழக்குவது, யார் பழக்குவது என்று ஒரு ஜமாஅத் கூட்டத்தில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஜனாஸா தொழுகைக்கு நாம் திரளுகிற அளவில் பாதிப் பேர் ஒரு தடாகத்தைப் பற்றி யோசித்தால் போதும்.

மகனுடைய கதை ஒருவாறு நடந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பதில் தெரியாதிருந்தது மகளின் கேள்விக்குத்தான். அவளுக்குப் பதினொரு வயது. நானா குசினிக் கதிரையில் இருந்து கால்களைச் சுழற்றிக் காட்டும்போது அவளும் பக்கத்தில் இருந்து சுழற்றுவாள். ஒரு நாள், "வாப்பா, வெள்ளம் வந்தா பொம்புளப் புள்ளயள வுட்டுட்டுப் போகுமா?" என்று கேட்டாள்.

அவளது உம்மாதான் விசாரித்துத் திரிந்தார். கண்டியில் ஒரு தடாகத்தை ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் பெண்களுக்கு மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். பழக்குவதும் பெண் ஆசிரியைதான். குறைந்தது ஐந்து பிள்ளைகள் வேண்டுமாம். மனைவி வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஆற்றின் பெயரைச் சொல்லாத குடும்பத்திலிருந்து வந்தவர், இப்போது திண்ணைகளில் இருந்து மற்ற உம்மாமாருக்கு நானாவின் கதையைச் சொல்கிறார். இதுவரை மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.