எனக்கு அம்மை தந்தது யார்?

‘வெயில்ல கிடந்து ஆடினான், அம்மை போட்டுடுச்சு.’ என் சின்னம்மையைப் பற்றி வீட்டில் சொல்லும் கதை இவ்வளவுதான். அதே வெயிலில், அதே தெருவில் ஆடிய மற்ற பயல்களுக்கு ஏன் போடவில்லை? சின்னம்மைக் கிருமி ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் தொற்றும். புகுந்த 10 முதல் 21 நாளில் கொப்புளம் காட்டும். அப்படியானால் அந்த ஆள் யார்?

அந்த வருஷத்தை நாள் விடாமல் சொல்லக்கூடியவர் மானாமதுரை அத்தை மட்டுமே. பள்ளிக்கூடம்? கோடை விடுமுறை. திருவிழா? ‘அந்த வருஷம் தெருவுல வேப்பிலை செருகின வாசல் நம்ம வாசல் மட்டுந்தான்டா.’ கல்யாணம், காதுகுத்து, பஸ் பயணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வந்த விருந்தாளிகள், அவர்கள் கொண்டுவந்த பலகாரம் வரை சொன்னார். அம்மை கண்டவர் எவருமில்லை. ‘ஆத்தா இறங்குறதுக்கு ஆள் காட்டணுமா?’ என்று எரிந்து விழுந்தவர், ‘அந்தப் பங்குனியில நம்ம வீட்டுல நோவுன்னா உன் தாத்தாவுக்கு விலாவுல வந்த அக்கி ஒண்ணுதான். அதுக்கும் அம்மைக்கும் என்ன சம்பந்தம்?’ என்றார்.

எனக்கு அம்மை போட்டது சித்திரையில். நான் தேடிய ஆள் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தார்.

புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் யானோஸ் போகாய் இந்தச் சம்பந்தத்தை 1892லேயே சந்தேகித்தார்: பெரியவருக்கு அக்கி, பின்னாலேயே அதே வீட்டுப் பிள்ளைக்குச் சின்னம்மை. 1950களில் தாமஸ் வெல்லர் இரண்டின் கொப்புளத்திலிருந்தும் வைரஸை வளர்த்து, ஒன்றேதான் என்றார். மீதியை 1965இல் சொன்னவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊர் டாக்டர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். அம்மை இறங்கினாலும் வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கி, எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் நரம்பின் வழியே அக்கியாக வெளிவரும். தாத்தாவுக்கு ஒரு பக்க விலாவில் மட்டும் கொப்புளப் பட்டை வந்ததும், ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிந்ததும் இதனால்தான்.

ஆனால் அக்கி சின்னம்மை அளவுக்கு எளிதில் பரவாது. பெரும்பாலும் கொப்புள நீர் பட வேண்டும். மறுபடி அத்தையிடம் போனேன். ‘வேளார் வந்து அக்கி மேல செங்காவியில சிங்கம் எழுதுறப்ப தாத்தாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நீதானே!’

இன்றைக்கு என்றால் 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கியிருப்பார்கள். பொருக்குத் தட்டும்வரை கொப்புளத்தை மூடிவைத்து, அம்மை வராத பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல்லியிருப்பார்கள். சின்னம்மை அரிதாக நிமோனியாவிலும் மூளை அழற்சியிலும் கொண்டுவிடும். அம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, ‘சரி, அப்ப உன் தாத்தாவுக்கு யாரு குடுத்தா?’ என்றார்.

அவருக்கும் சின்ன வயசில் அம்மை போட்டிருக்க வேண்டும். தந்தவர் அக்கி கண்ட இன்னொரு கிழவராகவும் இருக்கலாம். ஆள் குறைந்த தீவில் தட்டம்மை அற்றுப்போகும். சின்னம்மை தாக்குப்பிடிப்பது இந்த வழியில்தான். அடுத்த கிழவன் நான். பேத்திக்குச் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று கேட்க மகளுக்குப் போன் போட்டேன்.