கோப்பின் லட்சணங்கள்

கணிப்பொறியில் ஒரு கோப்பைத் தேடி அது அகப்படாமல் போகும்போது தேடும் மென்பொருளின் மீதே பழியைப் போடுவது நம் வழக்கமாக இருக்கிறது. ஆனால் பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் காரியத்தில் பல வருஷங்களைக் கழித்துவிட்ட என்னுடைய அபிப்பிராயம், அந்தப் பழியில் பெரும்பங்கு கோப்பை அங்கே வைத்தவனுக்கே உரியது என்பதுதான். மென்பொருள் நாம் கேட்கும் நேரத்தில் வன்தட்டைத் துழாவுவதில்லை. நாம் வேறு அலுவலில் இருக்கும் சமயத்தில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து வாசித்து, எந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொண்டு, நாம் கேட்டதும் அந்த அட்டவணையை மாத்திரம் புரட்டிப் பதில் சொல்கிறது. ஆகவே, அட்டவணை எழுதும்போது அதன் பார்வைக்கு எட்டாத எதுவும், பிற்பாடு நாம் எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டாலும் கிடைக்கப் போவதில்லை.

என்னிடம் உள்ள கோப்புகளில் பெரும்பகுதி அப்படிப் பார்வைக்கு எட்டாத வகையைச் சேர்ந்தவை. 1933இல் தொடங்கிய மணிக்கொடியின் ஓர் இதழை ஸ்கேன் செய்தால் கிடைப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். அச்சைப் படித்துச் சொல்லும் ஓ.சி.ஆர். மென்பொருளிடம் அதைக் கொடுத்தாலும், 1978ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட 'ணை', 'லை', 'னா' முதலியவற்றின் பழைய வடிவங்களில் அது தடுமாறி, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாத சொல்லை எழுதி வைக்கும். தொண்ணூறுகளில் கணிப்பொறியிலேயே அச்சுக் கோத்த கோப்புகளின் கதி இன்னும் விசித்திரமானது. அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டிருந்தபடியாலும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் அரசின் அங்கீகாரம் பெற்ற பின்னரும் பழைய வழக்கங்கள் ஒரேயடியாக மறைந்துவிடாமையாலும், திரையில் செந்தமிழாகத் தோன்றும் பக்கம் அட்டவணைக்கு அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே போய்ச் சேர்கிறது. இவை எல்லாம் நேராகிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் வந்த கவிதை புதுமைப்பித்தனுடையது என்ற செய்தி அந்தப் பக்கத்தின் எந்த மூலையிலும் அச்சாகியிருக்கவில்லை. உள்ளே இல்லாத செய்தியைக் கோப்போடு சேர்த்துக் கட்டிவைக்கவே பண்புகள் என்ற ஏற்பாடு பயன்படுகிறது.

இந்த ஏற்பாட்டை முழு மனத்தோடு நம்பிய இயங்குதளம் என்று நான் மதிப்பது பீஓஎஸ் ஒன்றைத்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டொமினிக் ஜியாம்பாவ்லோவும் சிரில் மெரில்லானும் அதற்காக அமைத்த கோப்பு முறைமையில், கடிதம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. அனுப்பியவர் பெயரும் பொருளும் அதன் பண்புகள். முகவரிக் கோப்புகளோ உள்ளே ஒன்றுமே இல்லாத வெறுங்கோப்புகள். பெயரும் தொலைபேசி எண்ணும் பண்புகளாகவே தங்கியிருந்தன. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: ஒரு பண்புக்கு அட்டவணை ஏற்படுத்துவதற்கு முன்பே எழுதப்பட்ட கோப்புகள் அந்த அட்டவணையில் தாமாக ஏறமாட்டா. ஜியாம்பாவ்லோ பின்னர் ஆப்பிளுக்குப் போய், 2005இல் வெளிவந்த ஸ்பாட்லைட் தேடலில் பங்கு கொண்டார் என்பது தற்செயல் அல்ல.

லட்சணத்தை எழுதி வைக்க மூன்று ஸ்தானங்கள் உண்டு. கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் பாத்திரத்தில் பெயரை வெட்டி வைக்கலாம், காதில் நூலால் சீட்டுக் கட்டலாம், அல்லது பாத்திரத்தைத் தொடாமல் கணக்கு நோட்டில் மாத்திரம் எழுதிக்கொள்ளலாம். படக்கோப்பின் எக்ஸிஃப், பாட்டுக்கோப்பின் ஐடி3, பி.டி.எஃப். உள்ளே உறையும் எக்ஸ்எம்பி ஆகியவை வெட்டிய பெயர்கள். கோப்பு முறைமை தானே கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் என்ற புறக்குறிப்பு நூலில் கட்டிய சீட்டு. தேடல் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளம் கணக்கு நோட்டு. லினக்ஸின் கே.டி.ஈ. திரைச்சூழலில் நெபோமுக் என்ற தேடல் மென்பொருள் இருந்த காலத்தில் குறிச்சொற்கள் நோட்டில் மாத்திரமே இருந்தன. நோட்டு கெட்டால் அத்தனையும் போயிற்று. 2014இல் அதன் இடத்துக்கு வந்த பலூ, குறிச்சொல்லையும் மதிப்பீட்டையும் புறக்குறிப்பாகக் கோப்பிலேயே எழுதும் முறையைக் கைக்கொண்டது. விண்டோஸ் போன வழி வேறு. எக்ஸ்பி காலத்தில் எந்தக் கோப்புக்கும் குறிப்பு எழுத இடம் இருந்தது. விஸ்டா முதல், கோப்பின் வடிவமே உள்ளே இடம் தந்தாலொழிய எழுத முடியாது என்று ஆகிவிட்டது. வெட்டிய பெயர் அழியாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அநேக பி.டி.எஃப். கோப்புகளின் தலைப்பு என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் வேர்ட்' என்று தொடங்கும் ஏதோ ஒரு வரியும், ஆசிரியர் என்ற இடத்தில் அந்தக் கணிப்பொறியை முன்பு வைத்திருந்தவரின் பெயரும் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள், அழியாமை எப்போதுமே அனுகூலம் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

நான் பெரிதும் கையாள்வது சீட்டைத்தான். எந்த வகைக் கோப்புக்கும் கட்டலாம், கோப்பின் உள்ளே ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால் அது எங்கே அவிழும் என்பதை அறியாதவன் அதைக் கட்டுவது வீண் பிரயாசை. லினக்ஸில் சாதாரணமான சிபி கட்டளையால் பிரதி எடுத்தால் பிரதிக்குச் சீட்டு வராது, சிபியோடு 'ஏ' என்ற குறியைச் சேர்த்தால் வரும். ஆர்சிங்கிலோ அதே சிறிய 'ஏ' போதாது, பெரிய 'எக்ஸ்' என்ற குறியையும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். டார் மூட்டையிலும் கட்டும்போது ஒருமுறையும் அவிழ்க்கும்போது ஒருமுறையும் சொல்லியாக வேண்டும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபாட், எக்ஸ்ஃபாட் முறைமைகளில் சீட்டுக்கு இடமே இல்லை. மேக்கிலிருந்து அவற்றுக்குக் கோப்பை மாற்றினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னே நிற்கும் பெயரோடு நிழல்போல வேறொரு கோப்பு உண்டாகி, அதைக் குப்பை என்று எண்ணிப் பிறர் அழித்துவிடுகிறார்கள். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால் சீட்டு கூடப் போகாது. இவற்றிலெல்லாம் தந்திரமான இடம், திருத்திச் சேமிக்கும் சமயம்: பத்திரத்தை உத்தேசித்துச் சில எழுதிகள் பழைய கோப்பின்மேல் எழுதாமல் புதுக்கோப்பு ஒன்றை எழுதி அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன, பெயர் அதுவேதான், சீட்டு மாத்திரம் காணோம்.

தமிழில் எழுதுகிறவனுக்குப் பிரத்தியேகமான சில சங்கடங்களும் உண்டு. ஆசிரியர், இதழ், மாதம் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே அடக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், லினக்ஸில் பெயருக்கு உள்ள எல்லை 255 பைட்டு, யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட்டு என்பதுதான். ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு கோப்பின் புறக்குறிப்புகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் இடமும் ஏறக்குறைய 4096 பைட்டே. ஆங்கிலத்தில் எழுதுகிறவன் விஸ்தாரமாக எழுதும் இடத்தில் நாம் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைவிட மோசமானது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அட்டவணைக்கு இரண்டாக இருப்பது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். 'ஔவை' என்று ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதியிருப்பார். எழுதும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறிய நிரல் ஒன்றை வைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

எழுத்து நேரானாலும் சொல் நேராக வேண்டும். உ.வே.சா. என்றும், சாமிநாதையர் என்றும், சாமிநாத ஐயர் என்றும் மூன்று விதமாகக் குறித்தால், மூன்று மனிதர்களின் நூல்கள் நம்மிடம் இருப்பதாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்ட ரங்கநாதன், ஒரு நூலைப் பொருள், இடம், காலம் முதலிய முகங்களாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். குறிச்சொல் இடுகிறவர்கள் அவரை வாசிக்காமல் இருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அதிலும் காலத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கோப்பு முறைமை தானாகக் குறித்துக்கொள்ளும் தேதி ஸ்கேன் செய்த நாளையே காட்டுமாதலால், இதழ் வெளிவந்த ஆண்டைத் தனிப் பண்பாக எழுதாவிட்டால், முப்பதுகளின் இலக்கியம் முழுதும் சென்ற மாதம் பிறந்ததாக வரிசையில் வந்து நிற்கும்.

வன்தட்டின் பிரதியை யாருக்காவது கொடுக்கும்போது, கெட்ஃபாட்டர் என்ற கட்டளையால் சீட்டுகளையெல்லாம் ஒரே பட்டியலாக இறக்கி அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். அவர்களிடம் போய் அவிழ்ந்தாலும் செட்ஃபாட்டர் அதைக் கொண்டே திரும்பக் கட்டிவிடும். அந்தப் பட்டியலில் தமிழ் மனிதர் படிக்கும்படியாக இராது. ஆதலால் சாதாரணத் தமிழில், கோப்புக்கு ஒரு வரியாக இன்னொரு பட்டியலும் வைக்கிறேன். அதில் ஒரே ஒரு தொல்லை: எல்லா ஆசிரியர் பெயரும் எல்லாக் குறிச்சொல்லும் அதிலே இருப்பதால், எதைத் தேடினாலும் அந்தப் பட்டியலும் விடைகளில் வந்து நிற்கிறது. அது இருக்கும் கோப்புறையை மட்டும் அட்டவணையிலிருந்து விலக்கி வைக்கும்படி, பெற்றுக்கொள்கிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.