சக்கரத்துக்குள் காற்று

இயற்பியல், இரண்டாம் ஆண்டு

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. தேர் ஓடிய காலத்தில் அச்சாணிக்கு இருந்த இடம், மோட்டார் ஓடும் இக்காலத்தில் டயருக்குள் இருக்கும் காற்றுக்கு உண்டு. வண்டியின் எடையை ரப்பர் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். இல்லை! அதில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் உறுதியான பை, அவ்வளவுதான். ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தந்தையின் அன்பில் பிறந்த அந்தப் பொருளின் மேல்தான் இன்று உலகமே உருண்டு கொண்டிருக்கிறது.

நம் கல்லூரி வாசலில் நிற்கும் இருசக்கர வண்டிகளை எண்ணி முடியாது. கார்களும் பல வருகின்றன. ஆனால் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அளந்து பார்க்கிறோம்?

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி என் ஊர். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார் என் தந்தை. கடனில் வாங்கிய வேன். காலையில் தூக்குவாளியோடு ஏறும் பெண்களில் என் தாயும் ஒருவர். தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். தாய்க்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் பகுதிச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாது. அக்காலத்தில் ஓட்டுநர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. "வெயிலுக்குக் காத்து விரியும், டயர் வெடிச்சிரும், அஞ்சு பவுண்டு குறைச்சே வை" என்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் என் தந்தை கேட்டார்: "ஏம்மா, நீ பிசிக்ஸ்தான படிக்கிற? வெயிலுக்குக் காத்தைக் குறைக்கிறது சரியா, தப்பா?"

அதுவரை அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் "எத்தனை மார்க்கு?" என்பது மட்டுமே. படித்த பாடத்திலிருந்து ஒரு கேள்வியை அவர் கேட்டது அதுவே முதல் முறை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது கே-லூசாக் விதி. வேன் டயரில் காலையில் 40 பவுண்டு. அதோடு வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டைக் கூட்டினால் 54.7. காலையில் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். ஓடிச் சூடேறி 57 டிகிரி ஆனால் 330 கெல்வின். பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. கேஜில் 45 பவுண்டு காட்டும். ஐந்தே பவுண்டுதான் ஏற்றம்! இந்த ஏற்றத்தையும் எதிர்பார்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள். ஆனால் சூட்டில் 45 காட்டுகிறதே என்று பயந்து 40-க்கு இறக்கி விட்டால், ஆறியபின் 35 பவுண்டுதான் மிஞ்சும்.

குறைந்தால் என்ன கேடு? காற்றுக் குறைந்த டயர் தரையில் அமுங்கி ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சுடும். டயரிலும் அதுவே நடக்கிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு உள்ளேயே தங்கி, அடுக்குகளைப் பிரித்து, முடிவில் வெடிக்க வைக்கிறது. எந்த வெடிப்புக்கு அஞ்சிக் காற்றைக் குறைக்கிறோமோ, அந்த வெடிப்பைத்தான் நாமே வரவழைக்கிறோம்.

தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கேஜ் வாங்கி வந்தார். காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்தார்: 40. ஆலையில் ஆட்களை இறக்கி விட்டுத் திரும்பியதும் அளந்தார்: 44. "உன் கணக்குக்கு ஒண்ணுதான் குறையுது" என்றார். அதன்பின் வெயிலுக்காக அவர் காற்றை இறக்கியதில்லை.

நான் அவரிடம் கற்றதும் உண்டு. டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு. இதை அவர் உள்ளங்கையால் தடவியே சொல்லி விடுவார். வாரம் ஒருமுறை எஞ்சின் ஆயிலைக் கம்பி இழுத்துப் பார்ப்பார். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறாமல் திறக்க விடமாட்டார். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடிப்பார். அவசரத்துக்கு உதவாத ஸ்டெப்னி வெறும் சுமைதானே!

நண்பர்கள் கவனிக்க வேண்டியவை சில. காற்றை டயர் ஆறியிருக்கும்போது, மாதம் இருமுறையாவது அளக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் காரில் ஓட்டுநர் கதவை ஒட்டிய சீட்டிலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ பார்க்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. நாம் வைக்க வேண்டிய அளவு அன்று. டயரின் பள்ளங்களுக்கு அடியில் சிறு மேடுகள் இருக்கும். கார் டயர் அந்த மேடு வரை தேய்ந்தால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியே ஆக வேண்டும். மொட்டை டயர் மழையில் நீரை வெளியே தள்ளாது, வண்டி வழுக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் டயரின் வயதைச் சொல்லும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். தீபாவளி நெருங்கினால் ஆலைகளில் வேலை மிகும்; வேனில் இன்னும் நாலு பேரை ஏற்றச் சொல்வார்கள். என் தந்தை இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை. அதனால் ஒரு சவாரி கைவிட்டுப் போனதும் உண்டு.

இந்த ஆண்டு முன்டயர் இரண்டும் அந்த மேடு வரை தேய்ந்து விட்டன. வீட்டுக் கூரைக்கென்று சேர்த்த சீட்டுப் பணம் மட்டுமே கையில் இருந்தது. தந்தை தயங்கினார். தாய் சொன்னார்: "கூரை ஒழுகினா நனைவோம், துடைச்சுக்கிடலாம். டயர் போனா என்ன செய்வீக?" டயர் வாங்கப்பட்டது. ஐப்பசி மழையில் அடுப்படியில் இரண்டு பாத்திரங்கள் வைத்தோம்.

நண்பர்களே! காற்றுப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். நம் பின்னால் அமர்ந்து வருபவர் தம் உயிரை நம்மிடம் ஒப்படைத்து விட்டே ஏறுகிறார். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், குனிந்து ஒருமுறை டயரைப் பாருங்கள்!