ஜாஸ் - யார் வைத்த பெயர்?

ஜாஸ் என்றதும் பலருக்கும் சாக்ஸபோன்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் சாக்ஸபோனே கிடையாது. கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, டிரம்ஸ், அவ்வளவுதான். வாசித்த ஐந்து பேரும் வெள்ளையர்கள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை, தட்டில் ஏறும்போது வேறு முகத்தோடு ஏறியது. ஆக, வாத்தியத்தை வைத்து ஜாஸுக்கு அடையாளம் சொல்ல முடியாது.

சரி, அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பதுதான் ஜாஸா? 1939-இல் கோல்மன் ஹாக்கின்ஸ் வாசித்த 'பாடி அண்ட் சோல்' கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆரம்பத்தில் மூல மெட்டை லேசாகத் தொடுகிறார். மீதி முழுக்க அதன் ஹார்மனி மேல் சொந்தக் கற்பனை. ஆனால் அடுத்த வருடமே டியூக் எலிங்டன் 'கன்செர்ட்டோ ஃபார் கூட்டி'யைப் பதிவு செய்தார். ஏறக்குறைய எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்தது. அதுவும் ஜாஸ்தான்!

மிஞ்சுவது 'ஸ்விங்'. தாளில் இரண்டு சுரங்களும் சம அளவாக எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதலாவது கொஞ்சம் நீளும், அடுத்தது சுருங்கும். எவ்வளவு என்பது வேகத்தைப் பொறுத்து மாறும், ஆளைப் பொறுத்தும் மாறும். எழுத்தில் சிக்காது, காதால்தான் பிடிக்க வேண்டும். (போஸா நோவா பக்கம் போனால் இதுவும் காணாமல் போகும், அது தனிக் கதை.)

இதெல்லாம் வெட்டிச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 1965-இல் புலிட்சர் இசை நடுவர்கள், எலிங்டனின் அத்தனை வருட உழைப்புக்கும் சேர்த்து ஒரு சிறப்பு விருது தரச் சொன்னார்கள். மேலே இருந்த குழு மறுத்துவிட்டது. நடுவர்கள் மூவரில் இருவர் ராஜினாமா செய்தார்கள். எலிங்டனுக்கு அப்போது வயது 66. கடைசியில் அந்தச் சிறப்பு விருது வந்தது 1999-இல், அவர் இறந்து 25 வருடம் கழித்து. 'ஜாஸ்' என்ற முத்திரையே அவருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் என்ன? சிம்ஃபனிக்கு ஒரு படி கீழே அவரை உட்கார வைத்தது அந்த ஒற்றைச் சொல்தானே.

இதன் மறுபக்கம் ஆர்னெட் கோல்மன். 1959-இல் பிளாஸ்டிக் சாக்ஸபோனோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தபோது, இது ஜாஸே இல்லை என்று ஜாஸ்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். குழுவில் பியானோ இல்லை, வழக்கமான ஹார்மனி வட்டமும் இல்லை. அதே கோல்மனின் 'சவுண்ட் கிராமர்' ஆல்பத்துக்கு 2007-இல் புலிட்சர் கிடைத்தது. அதில் வாசித்தது அவர், இரண்டு பாஸ் கலைஞர்கள், டிரம்ஸில் அவர் மகன். பியானோ அப்போதும் இல்லை.