இரண்டு கோடுகளுக்கு நடுவே

எழும்பூருக்கு அருகே, கூவத்தின் கரையை ஒட்டியுள்ள புதுப்பேட்டை, பழைய மோட்டார் வாகனங்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்பதற்குப் பேர்போன இடம். அங்கே ஒரு சந்தின் கோடியில் தகரக் கூரை வேய்ந்த பட்டறை ஒன்றுக்குச் சென்ற மாதம் ஒரு காலையில் நான் போய்ச் சேர்ந்ததற்கு, என் காரின் பின்னே நீலப் புகை வரத் தொடங்கியதே காரணம். பத்து நாட்களுக்கு முன் வேறோர் இடத்தில் எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தேன். மாற்றியவர்கள் தாராளமாக ஊற்றிவிட்டார்கள் என்பதும், அந்தத் தாராளமே கோளாறுக்கு மூலகாரணம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் தரையைப் பார்த்தார். வாசல் சரிவாக இருந்தமையால், வண்டியை உள்ளே சமதளமான சிமெண்டுத் தரைக்கு ஏற்றி நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னார். "பத்து நிமிஷம் ஆவட்டும் சார். மேல ஏறுன ஆயில் எல்லாம் கீழ இறங்கணும்" என்று சொல்லி, டீ வாங்க ஆள் அனுப்பினார்.

அந்தப் பத்து நிமிஷம் கழிந்ததும், பத்தொன்பது இருபது வயதுடைய உதவியாளன் ஒருவன் டிப் ஸ்டிக்கை உருவி, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டை எடுத்து அதை நுனிவரை துடைத்து, மறுபடி அடிவரை செருகி, மறுபடி உருவி, படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தின் பக்கம் திரும்பினான். முதல் தடவை உருவியதை அவன் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. வண்டி ஓடும்போது சிதறிய எண்ணெய் கம்பி முழுவதும் அப்பியிருக்கும், அது அளவாகாது. "அண்ணே, மேல் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை நிக்குது" என்றான்.

என் பாட்டி கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போது, திரி மூழ்கும்படி எண்ணெய் விடாதே என்று கையைத் தடுப்பாள். எஞ்சினின் ஸ்திதியும் ஏறத்தாழ அதுவே. அடியிலுள்ள சம்ப்பில் எண்ணெய் மட்டம் உயர்ந்துவிட்டால், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கிராங்க் தண்டு அதில் இடித்து, மத்துப்போலக் கடைந்து நுரையாக்கிவிடுகிறது; பம்பு அந்த நுரையை உறிஞ்சும்போது பேரிங்குகளுக்குப் போய்ச் சேருவது பாதி எண்ணெய், பாதி காற்று. மிச்சம் ஆவிக்குழாய் வழியே மேலேறி, பெட்ரோலோடு கூடி எரிந்து நீலப் புகையாகிறது. குறைந்தாலோ அபாயம் இன்னும் பெரிது: வளைவில் வண்டி திரும்பும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பின் வாய் வெறுமையாகி, எஞ்சின் கட்டிக்கொள்ளும்.

எண்ணெயின் ஜாதியைப்பற்றி நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்: வெயில் தேசமாயிற்றே, கெட்டியான 20டபிள்யூ-40 நல்லதல்லவா? மேஸ்திரி பதில் சொல்லாமல் வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கி, 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்தார். எஸ்.ஏ.இ. என்னும் சங்கம் 1911-இல் எண்ணெய்களை வகுத்த முறையிலிருந்து வளர்ந்தவை இந்த எண்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும், பின்வரும் எண் நூறு டிகிரி உஷ்ணத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் குறிக்கும். ஆகையால் சென்னை வெயிலுக்கென்று தனியாகக் கெட்டி எண்ணெய் தேட வேண்டியதில்லை. புதிய எஞ்சின்களின் குறுகிய வழிகளில் அது தாமதித்தே ஏறும். பழைய ஆயிலை அவர் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்தபோது, ரகத்தைச் சோதிக்கிறார் என்று எண்ணிவிட்டேன். "வெரலுக்கு கிரேடு தெரியாது சார். இரும்புப் பொடி இருந்தா நெருடும், பெட்ரோல் கலந்தா வாடை வரும். அவ்ளோதான்." முப்பது வருஷம் இந்தத் திரவத்திலேயே தோய்ந்த கை தனக்குத் தெரியாததை இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டது எனக்கு அவர்மீது பெருமதிப்பை உண்டாக்கிற்று.

பிறகு வெதுவெதுப்பு ஆறுமுன் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்தார்கள். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் உதவியாளன் ஒரு துளி புது ஆயிலைத் தடவி, கையாலேயே முறுக்கி, வளையம் பதிந்தபின் முக்கால் சுற்றோடு நிறுத்தினான். புத்தகம் சொன்ன அளவு முழுவதையும் மேஸ்திரி ஊற்றவில்லை; அரை லிட்டர் நிறுத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் எஞ்சினை ஓட்டி, ஃபில்டர் தன் பங்கைக் குடித்தபின் மறுபடி காத்திருந்து, மறுபடி துடைத்துப் பார்த்து, சிறிது சிறிதாகச் சேர்த்தார். இத்தொழிலின் நேர்மை முழுவதும் அந்த அரை லிட்டரில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்தியது. அந்த இளைஞன் மணிக்கட்டுவரை கறுத்த கையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். பழைய ஆயில் நாள்தோறும் தோலில் ஊறுவது பெருங்கேடு. கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "போல்ட்டு பிடிபடாது சார்" என்று சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. "நானும் அப்டித்தான் சொல்லிட்டு இருந்தேன்" என்று தம் புறங்கையைக் காட்டினார்; தோல் வெடித்துச் செதில் செதிலாக இருந்தது.

புறப்படும் தறுவாயில் ஓர் அட்டையில் கிலோமீட்டர் கணக்கை எழுதிக் கட்டிவிட்டு, சுத்தமான பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். "மாசத்துக்கு ஒருக்கா, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னால நீங்களே உருவிப் பாருங்க சார். ரெண்டு தரம்."