வெங்கட்டா பிரசன்னாவா? – ஆயிரம் சீசன் ஓட்டிப் பார்த்தாச்சு

கிரிக்கெட் பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆயிடலாம். புள்ளிவிவரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஆனா இது கிரிக்கெட்டைப் பத்தி மட்டும் இல்லை.

எங்க ஊர் பெண்ணாடம். அப்பாவுக்கு விருத்தாசலத்துல ஒரு செராமிக் பட்டறையில வேலை. காலையில ரயில் ஏறினா ராத்திரிதான் வீடு. மாமா (அம்மாவோட அண்ணன்) கோலார் தங்கவயலில், சுரங்கத்தில். அப்பா சென்னைக் கட்சி, அதனால எஸ். வெங்கட்ராகவன். மாமா தமிழரா இருந்தாலும் கர்நாடகத் தண்ணி குடிச்சவர், அதனால ஈ.ஏ.எஸ். பிரசன்னா. ரெண்டு பேருமே ஆஃப் ஸ்பின்னர்கள், ரெண்டு பேருமே இன்ஜினியரிங் படிச்சவங்க. அணியில பெரும்பாலும் ஒருத்தருக்குத்தான் இடம். சண்டைக்குக் கேக்கணுமா?

அப்பாவோட துருப்புச்சீட்டு 1971. வெஸ்ட் இண்டீஸில் வெங்கட் 22 விக்கெட், நம்ம பக்கத்துல அவர்தான் டாப். அடுத்து இங்கிலாந்தில் 3 டெஸ்டில் 13. "அவனை உக்காரவெச்சுட்டு கணக்கு காட்டாதீங்க மச்சான்"னு மாமா எகிறுவார். அதுவும் நிஜம்தான், அந்த இங்கிலாந்து டூரில் பிரசன்னா ஒரு டெஸ்ட்கூட ஆடலை. மாமாவோட சீட்டு 1967-68. ஆஸ்திரேலியாவில் 25, நியூசிலாந்தில் 24, மொத்தம் 8 டெஸ்டில் 49.

2001-ல் சுரங்கத்தை மூடினாங்க. மாமா கடன் கேட்டார். அப்பாகிட்ட இல்லை. இல்லைங்கறதை அப்பா சொன்ன விதமும் சரியில்லைன்னு அம்மா சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டா பேச மிச்சம் இருந்த ஒரே விஷயம் வெங்கட்-பிரசன்னாதான். கல்யாணம், கருமாதி எதுவா இருந்தாலும் பந்தியில உக்காந்து அதைத்தான் பேசுவாங்க. "காசு" என்ற வார்த்தை மட்டும் வரவே வராது.

அப்பா போன பிறகு அலமாரியை ஒழிச்சப்ப ஒரு நாப்பது பக்க நோட்டு கிடைச்சது. பூரா கோடு கோடா கிழிச்சிருந்தார். அம்மாதான் விளக்கினாங்க. ராத்திரி தாயக்கட்டையை வெச்சு தனியா உருட்டுவாராம். ஒரு உருட்டு ஒரு ஓவர். ரெண்டு கட்டையும் வெறுமையா விழுந்தா, அதாவது பன்னெண்டு விழுந்தா, விக்கெட். ஒரு சீசனுக்கு 5 டெஸ்ட், ஆளுக்கு 250 ஓவர். மொத்தம் 23 சீசன் ஆடியிருக்கார். வெங்கட் 12, பிரசன்னா 9, சமம் 2.

பன்னெண்டு விழ வாய்ப்பு பதினாறில் ஒண்ணு. வெங்கட் 57 டெஸ்டில் 14,877 பந்து போட்டு 156 விக்கெட், அதாவது 95 பந்துக்கு ஒண்ணு. ஓவரா மாத்தினா கிட்டத்தட்ட 16! அப்பா கணக்கு போட்டு வெச்சாரா, தற்செயலான்னு தெரியலை. ஆனா பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட், 76 பந்துக்கு ஒண்ணு. அவருக்கும் அதே பன்னெண்டைத்தான் வெச்சிருக்கார். அஞ்சு விக்கெட்டில் கிட்டத்தட்ட ஒண்ணை அமுக்கிட்டார் மனுஷன்!

சரி, நியாயமா ஆடிப் பார்ப்போம்னு எக்ஸெல்லைத் திறந்தேன். அதே 5 டெஸ்ட், அதே 250 ஓவர், ஒவ்வொரு பந்துக்கும் அவரவர் நிஜ விகிதம். துணைக்கு ஹர்பஜனையும் (68 பந்துக்கு ஒண்ணு) அஸ்வினையும் (51 பந்துக்கு ஒண்ணு) சேர்த்துக்கிட்டேன். ஆயிரம் சீசன்.

சராசரியா ஒரு சீசனுக்கு வெங்கட் 16, பிரசன்னா 20, ஹர்பஜன் 22, அஸ்வின் 30. அஸ்வின்தான் ராஜான்னு உடனே விசில் அடிச்சுடாதீங்க. அவர் காலத்துல டிஆர்எஸ் இருந்தது. எழுபதுகள்ல பேட்ஸ்மேன் காலை முன்னாடி நீட்டி பேடில் வாங்கினா அம்பயர் கையைத் தூக்கவே மாட்டார். எக்ஸெல்லுக்கு அதெல்லாம் தெரியாது. வெங்கட் ஓவருக்கு 2.27 ரன்தான் கொடுத்தார், பிரசன்னாவைவிடச் சிக்கனம் என்பதும் இந்த ஆட்டத்துல சேராது.

நான் அசந்தது வேற இடத்துல. ஆயிரம் சீசனில் சுமார் 220-ல் வெங்கட் பிரசன்னாவை ஜெயிச்சிருக்கார். அஞ்சுக்கு ஒண்ணுக்கும் மேல! அப்பா அடிக்கடி சொல்லுவார்: ஒரே மண்ணு, ஒரே கை, ஒரே சூளை, ஆனா ஒரு தடவை பூரா நல்லா வரும், ஒரு தடவை பாதி வெடிச்சிருக்கும். பதினேழு வயசுல ஒருத்தன் 1971-ஐப் பார்த்திருந்தா, வெங்கட்தான் பெரிய ஆளுன்னு ஆயுசுக்கும் நம்பறதுல என்ன தப்பு? அவர் பார்த்த சூளை அது.

மாமாவுக்கு இப்ப எண்பதை நெருங்குது. போன் போட்டேன்.

"மாமா, கணக்கு போட்டுட்டேன். பிரசன்னாதான்."

சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது தெரிஞ்சதுதானே மாப்ள. மச்சானுக்கும் தெரியும்."

நோட்டைப் பத்திச் சொன்னேன். பிரசன்னா 9 சீசன் ஜெயிச்சதைச் சொன்னதும், "ஒம்பது குடுத்தாரா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். தனியா உக்காந்து உருட்டறவர், பார்க்க ஆளில்லை, நினைச்சா ஒண்ணுகூடக் குடுத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அவரே, "வி.வி. குமாரைப் போட்டியா?"ன்னார். சென்னை லெக் ஸ்பின்னர். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரா முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட். அதோட இன்னொரு டெஸ்ட், அவ்ளோதான்.

"ரெண்டு டெஸ்ட் கணக்கை வெச்சு ஆயிரம் சீசன் ஓட்டினா சரியா வராது மாமா."

"சரியா வராட்டி போவுது. பாவம், உன் மெஷின்லயாவது அஞ்சு டெஸ்ட் ஆடட்டும். மச்சானுக்கு அவரை ரொம்பப் புடிக்கும்."

இந்த ஞாயித்துக்கிழமை குமார் ஆடறார். எக்ஸெல்லில் இல்லை. தாயக்கட்டையை எடுத்துக்கிட்டு கே.ஜி.எஃப். போறேன், நோட்டில் இன்னும் பக்கம் இருக்கு.